ஆனர் சொசைட்டி அழைப்பு வந்தால் சேர்வதா, விடுவதா: அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் புதிதாகச் சென்றவர்களுக்கு

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் முதல் ஒன்றிரண்டு செமஸ்டர்கள் முடிந்து மதிப்பெண்கள் வெளியான பிறகு, நன்றாகப் படிக்கும் மாணவர்கள் பலருக்கு ஆனர் சொசைட்டி எனப்படும் சங்கம் ஒன்றிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். கிரேக்க எழுத்துகளால் ஆன பெயர், பொன்னிற முத்திரை, கல்விச் சாதனையைப் பாராட்டி உறுப்பினராக அழைப்பதாக ஒரு வாசகம், அதன் கீழே கடைசித் தேதி, அதற்கும் கீழே சிறிய எழுத்தில் கட்டணம் என்று அது இருக்கும். இதை நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டால், பணம் பறிக்கும் வேலை, கண்டுகொள்ளாதே என்று ஒருவரும், ரெஸ்யூமேயில் போட்டுக்கொள்ளலாம், சேர்ந்துவிடு என்று இன்னொருவரும் சொல்வார்கள். எந்தச் சங்கம், எந்தத் துறை, எந்த வளாகம் என்று கேட்காமல் சொல்லப்படும் இரண்டு பதில்களாலுமே பயனில்லை. ஒரே பெயருள்ள சங்கம்கூட ஒரு வளாகத்தில் உயிரோடும் இன்னொரு வளாகத்தில் பெயரளவிலும் இருக்கும். ஆகவே சங்கத்தின் பெயர் எவ்வளவு பெரியது என்பதைவிட, உங்கள் வளாகத்திலுள்ள கிளை என்ன செய்கிறது என்பதையே முடிவின் அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அந்த முடிவுக்கு வருவதற்கான வழியைக் கீழே வரிசையாகத் தருகிறேன்.

முதல் படி: வந்திருப்பது என்ன என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

புதிதாக வருபவர்களைக் குழப்பும் பெயர்கள் பல. டீன்ஸ் லிஸ்ட் என்பது அந்தந்த செமஸ்டரில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் மதிப்பெண் பெற்றவர்களின் பட்டியல். அதற்குக் கட்டணமும் கிடையாது, உறுப்பினர் சேர்க்கையும் கிடையாது. ஆனர்ஸ் ப்ரோகிராம் என்பது தனிப் பாடங்களும் ஆய்வேடும் கொண்ட படிப்புத் திட்டம். பட்டச் சான்றிதழில் வரும் ‘கம் லாடே’ போன்ற லத்தீன் சிறப்புகளைப் பல்கலைக்கழகமே வழங்குகிறது. ஃப்ரடெர்னிட்டி, சொராரிட்டி எனப்படும் மாணவர் குழுக்களும் கிரேக்க எழுத்துகளில்தான் பெயர் வைத்துக்கொள்கின்றன என்றாலும், அவை பெரும்பாலும் விடுதி வாழ்க்கையையும் நட்புவட்டத்தையும் சார்ந்தவை. ஆனர் சொசைட்டி இவை எதிலும் சேராது. கல்லூரியில் கிளை வைத்து, படிப்பில் முன்னணியில் இருப்பவர்களைத் தேர்ந்து உறுப்பினராக்கும் தனிச் சங்கம் அது.

இந்த மரபுக்கு வயது அமெரிக்க நாட்டின் வயதேதான். வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க் நகரில் உள்ள வில்லியம் அண்டு மேரி கல்லூரியில் 1776 டிசம்பர் 5 அன்று சில மாணவர்கள் ஃபை பீட்டா கப்பா என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். தொடக்கத்தில் அது இரகசிய விவாதக் குழுவாக இருந்தது. இன்று கலை, அறிவியல் படிப்புகளில் மிகவும் மதிக்கப்படும் சங்கமாக இருக்கிறது. அது பொறியியல் மாணவர்களைப் பொருட்படுத்தாததால் 1885-ல் பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழகத்தில் பொறியியலுக்கென்று டவ் பீட்டா பை தோன்றியது. 1886-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளர்களுக்காக சிக்மா ஸையும், 1897-ல் மெய்ன் பல்கலைக்கழகத்தில் எல்லாத் துறைகளையும் சேர்த்துக்கொள்ளும் ஃபை கப்பா ஃபையும் வந்தன. மருத்துவத்துக்கு ஆல்ஃபா ஒமேகா ஆல்ஃபா (1902), மின்பொறியியலுக்கு ஈட்டா கப்பா நூ (1904), வணிக மேலாண்மைக்கு பீட்டா காமா சிக்மா (1913), இரண்டாண்டு சமுதாயக் கல்லூரிகளுக்கு ஃபை தீட்டா கப்பா (1918), உளவியலுக்கு சை கை (1929), கணினி அறிவியலுக்கு அப்சிலான் பை எப்சிலான் (1967) என்று துறைதோறும் ஒன்று உண்டு. இவற்றுக்கு அப்பால், துறை எதையும் சாராமல், ‘தலைமைப் பண்பு’, ‘சாதனையாளர்’ போன்ற பொதுச் சொற்களைப் பெயரில் சூடிக்கொண்டு அழைப்பு அனுப்பும் அமைப்புகள் ஏராளம். குழப்பம் பெரும்பாலும் இந்தக் கடைசி வகையில்தான் நேர்கிறது.

இரண்டாம் படி: உங்களைத் தேர்ந்தெடுத்தது யார், எதை வைத்து?

சங்கத்தின் மதிப்பு அதன் வாசல் எவ்வளவு குறுகலானது என்பதில் தொடங்குகிறது. ஃபை பீட்டா கப்பாவில் சேர விண்ணப்பிக்கவே முடியாது. கிளையிலுள்ள பேராசிரியர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள். நாட்டிலுள்ள கல்லூரிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றில்தான் அதற்குக் கிளை இருக்கிறது. அங்கும் கலை, அறிவியல் பட்டதாரிகளில் ஏறத்தாழ முதல் 10 சதவீதத்தினரே அழைக்கப்படுவார்கள். டவ் பீட்டா பையில் மூன்றாம் ஆண்டு மாணவர் வகுப்பின் முதல் எட்டில் ஒரு பங்கிலும், இறுதியாண்டு மாணவர் முதல் ஐந்தில் ஒரு பங்கிலும் இருக்க வேண்டும். ஃபை கப்பா ஃபையில் மூன்றாம் ஆண்டினருக்கு முதல் 7.5 சதவீதம், இறுதியாண்டினருக்கும் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கும் முதல் 10 சதவீதம் என்பது அளவு. ஈட்டா கப்பா நூ இன்னும் தாராளமானது: மூன்றாம் ஆண்டில் முதல் கால் பங்கு, இறுதியாண்டில் முதல் மூன்றில் ஒரு பங்கு. சிக்மா ஸை மதிப்பெண்ணைவிட ஆய்வுத் திறனைப் பார்க்கிறது. ஏற்கெனவே உறுப்பினராக உள்ளவர்கள் உங்கள் ஆய்வைச் சுட்டி முன்மொழிய வேண்டும்.

சங்கங்களுக்கென்று ஒரு கூட்டமைப்பும் இருக்கிறது. 1925-ல் தொடங்கப்பட்ட கல்லூரி ஆனர் சொசைட்டிகளின் சங்கம், சுருக்கமாக ஏ.சி.எச்.எஸ்., தன் உறுப்புச் சங்கங்களுக்குக் குறைந்தபட்ச விதிகளை வகுத்திருக்கிறது. பொதுச் சங்கமானால் வகுப்பின் முதல் 20 சதவீதம், குறிப்பிட்ட துறைச் சங்கமானால் முதல் 35 சதவீதம் என்பது அவற்றுள் ஒன்று. அதன் இணையதளத்தில் உறுப்புச் சங்கங்களின் பட்டியல் உள்ளது. அழைப்பு அனுப்பிய சங்கம் அதில் இருந்தால் அடிப்படைச் சோதனையில் தேறிவிட்டது என்று கொள்ளலாம். இல்லாவிட்டால் உடனே போலி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஃபை பீட்டா கப்பாவே இன்று அந்தப் பட்டியலில் இல்லை. அதற்கு யாருடைய சான்றும் தேவைப்படவில்லை. பட்டியலிலும் இல்லாமல், உங்கள் பேராசிரியர்கள் எவரும் கேள்விப்பட்டிராத பெயராகவும் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

மூன்றாம் படி: கடிதத்தையே சோதித்துப் பாருங்கள்

அமெரிக்காவில் மாணவர்களின் கல்விப் பதிவுகளை ஃபெர்பா எனப்படும் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது. பெயர், மின்னஞ்சல், படிக்கும் துறை போன்ற விவரங்களைக் கல்லூரி ‘டைரக்டரி’ விவரங்கள் என்று வகைப்படுத்தி வெளியாருக்குத் தரலாம். தர வேண்டாம் என்று நீங்கள் எழுதிக் கொடுக்கவும் உரிமை உண்டு. ஜி.பி.ஏ. எனப்படும் மதிப்பெண் சராசரியை அப்படித் தூக்கிக் கொடுக்க முடியாது. எனவே ஒரு கடிதத்தைச் சோதிக்க எளிய வழி, உங்கள் மதிப்பெண்ணைப் பார்த்தது யார் என்று கேட்பதுதான். உண்மையான கிளையென்றால், உங்கள் துறையைச் சேர்ந்த பேராசிரியர் ஒருவர் அதன் ஆலோசகராக இருப்பார். கல்லூரி அலுவலகத்தின் வழியாகவே தகுதிப் பட்டியல் தயாராகியிருக்கும். மாறாக, இணைப்பைத் திறந்தவுடன் உங்கள் ஜி.பி.ஏ.வை நீங்களே நிரப்பச் சொல்லி அடுத்த பக்கத்திலேயே கடன் அட்டை எண்ணைக் கேட்டால், உங்களை எவரும் தேர்ந்தெடுக்கவில்லை என்றுதான் பொருள். கல்லூரி மின்னஞ்சல் முகவரிகளின் பட்டியல் ஒன்று அவர்களிடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆலோசகரின் பெயர் கடிதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பெயரைக் கடிதத்திலுள்ள இணைப்பின் வழியாகத் தேடாமல், உங்கள் துறையின் இணையப் பக்கத்தில் தனியாகத் தேடி, அவருக்கு இரண்டு வரி எழுதுங்கள். ‘இந்த அழைப்பு உங்கள் கிளையிலிருந்து வந்ததா? கடந்த ஆண்டு எத்தனை பேரைச் சேர்த்தீர்கள்?’ என்று கேட்டால் போதும். பேராசிரியரிடம் இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று நம் ஊரில் படித்து வந்தவர்கள் தயங்குவதுண்டு. அங்கே இது இயல்பான கேள்வி, எவரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அமைப்பின் இணைய முகவரி ‘.ஓ.ஆர்.ஜி.’ என்று முடிவதை நம்பகத்தன்மைக்குச் சான்றாகக் கொள்ளாதீர்கள்; அந்த முகவரியை எவரும் வாங்கலாம். இலாப நோக்கமற்ற அமைப்பு என்று அவர்கள் சொன்னால், வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.ஸின் இணையதளத்தில் வரிவிலக்கு பெற்ற அமைப்புகளின் தேடுபக்கத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். அத்தகைய அமைப்புகள் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் படிவம் 990 பொதுமக்கள் பார்வைக்கு உரியது. உறுப்பினர் கட்டணமாக எவ்வளவு வந்தது, உதவித்தொகையாக எவ்வளவு போனது, நிர்வாகிகளின் சம்பளம் எவ்வளவு என்று அதிலேயே தெரிந்துவிடும். கணக்கைப் பார்க்க அரை மணி நேரம் செலவிட்டால், விளம்பர வாசகங்கள் சொல்லாததை எல்லாம் அது சொல்லும்.

நான்காம் படி: முழுச் செலவையும் கூட்டுங்கள்

பல சங்கங்களில் சேர்ப்புக் கட்டணம் 50 முதல் 100 டாலர் வரை இருக்கும். ரூபாயில் மாற்றிப் பார்க்கும் பழக்கம் முதலாண்டு மாணவரிடம் இருக்கும். இந்த விஷயத்தில் அது நல்ல பழக்கம்தான். ஒருமுறை கட்டினால் ஆயுள் உறுப்பினராக்கும் சங்கங்களும் உண்டு. ஃபை கப்பா ஃபை, சிக்மா ஸை போல ஆண்டுச் சந்தா கேட்பவையும் உண்டு. இதற்குமேல் பட்டமளிப்பு அங்கியில் தொங்கவிடும் நிறக் கயிறு, பதக்கம், சட்டம் போட்ட சான்றிதழ், மோதிரம் என்று கடைப் பட்டியல் நீளும். அவற்றில் எதுவும் கட்டாயமில்லை. கட்டணம் கட்ட வசதியில்லை என்றால் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள்; சில கிளைகளும் கல்லூரிகளும் அதைத் தாங்களே ஏற்றுக்கொள்வதுண்டு.

பணத்தைவிடக் கவனிக்க வேண்டியது நேரம். டவ் பீட்டா பையின் பல கிளைகளில் அழைப்பை ஏற்றவர் உடனே உறுப்பினராகிவிடுவதில்லை. தெரிவானவர் என்ற நிலையில் சில வாரங்கள் கூட்டங்களுக்கும் தன்னார்வப் பணிகளுக்கும் செல்ல வேண்டும். அச்சங்கத்தின் சின்னம் ‘பென்ட்’ எனப்படும் தாங்குசட்டத்தின் வடிவம். பழைய வழக்கத்தைக் கைவிடாத கிளைகளில், கரடுமுரடாக வார்த்த உலோகச் சின்னத்தை ஒவ்வொருவரிடமும் கொடுத்துவிடுவார்கள். அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்த்து, முகம் தெரியும்வரை மெருகேற்றிக் கொண்டுவந்து காட்ட வேண்டும். கணினித் திரையைத் தவிர வேறொன்றையும் தொடாத மாணவருக்கு இது சுவையான அனுபவம் என்றே நினைக்கிறேன். ஆனால் மிட்டெர்ம் தேர்வு வாரத்தில் வந்து விழுந்தால் அப்படித் தோன்றாது. ஆகவே சேர்ப்புக் காலம் எத்தனை வாரம், எத்தனை மணி நேரம் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: கிடைப்பது என்ன என்று தனித்தனியாகப் பாருங்கள்

வேலை தேடும்போது என்ன பயன் என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. மென்பொருள் நிறுவனங்களில் ஆட்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் செய்த வேலையையும், எழுதிய நிரலையும், நேர்காணலையும் பார்க்கிறார்கள். சங்கத்தின் பெயர் பெரும்பாலும் அவர்கள் கண்ணில் படாமலே போகும். பொறியியல் நிறுவனங்களிலும் பிஎச்.டி. சேர்க்கைக் குழுக்களிலும் நிலைமை சற்று வேறு. அங்கே மேசையின் எதிர்ப்புறத்தில் இருப்பவரும் டவ் பீட்டா பையிலோ ஃபை பீட்டா கப்பாவிலோ உறுப்பினராக இருக்க வாய்ப்புண்டு. அந்தப் பெயரின் பொருள் அவருக்குத் தெரியும். எனினும் உங்கள் ஜி.பி.ஏ. ஏற்கெனவே சொல்லிவிட்டதையே அது மறுமுறை சொல்கிறது.

கூட்டாட்சி அரசு வேலையில் ஏ.சி.எச்.எஸ். அங்கீகாரமுள்ள சங்கத்தின் உறுப்பினர் என்றால் அரசின் சம்பளப் படிநிலையில் ஜி.எஸ்.-5 நிலைக்குப் பதிலாக அதைவிட உயர்ந்த ஜி.எஸ்.-7 நிலையில் தொடங்கத் தகுதி பெறலாம் என்பதைச் சங்கங்கள் பெருமையாகக் குறிப்பிடும். அது விதியில் இருப்பதுதான். ஆனால் அதே தகுதியை ஒட்டுமொத்த ஜி.பி.ஏ. 3.0 இருந்தாலே பெறலாம். மேலும் அந்த வேலைகள் பெரும்பாலும் அமெரிக்கக் குடிமக்களுக்கே உரியவை. எஃப்-1 விசாவில் வந்த மாணவருக்கு இந்த வாக்குறுதியால் ஒன்றும் ஆகப்போவதில்லை. பின்னாளில் ‘அசாதாரணத் திறமை’ என்ற பிரிவில் ஓ-1 விசாவோ ஈ.பி.-1 கிரீன் கார்டோ கேட்கும்போது இந்த உறுப்பினர் தகுதி கைகொடுக்குமா என்றும் நம்மவர்கள் கேட்கிறார்கள். அந்த விதி கேட்பது, சிறந்த சாதனைகளைத் துறை வல்லுநர்கள் மதிப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளும் அமைப்புகளின் உறுப்பினர் தகுதியை. வகுப்பு மதிப்பெண்ணும் கட்டணமும் போதும் என்ற மாணவர் சங்கத்தை அந்த விண்ணப்பத்தின் தூணாக நம்பியிருக்க முடியாது.

உதவித்தொகை உண்டு, ஆனால் எல்லோருக்கும் இல்லை. ஃபை தீட்டா கப்பா இதில் தனித்து நிற்கிறது: சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறும் மாணவர்களில் அதன் உறுப்பினர்களுக்கென்றே பல பல்கலைக்கழகங்கள் உதவித்தொகை ஒதுக்கி வைத்திருக்கின்றன. சிக்மா ஸை 1922 முதல் மாணவர் ஆய்வுகளுக்குச் சிறு நிதியுதவி வழங்குகிறது. முதல் களப்பயணத்துக்கோ கருவிக்கோ பணம் தேடும் ஆராய்ச்சி மாணவருக்கு அது பயன்படும். மற்றச் சங்கங்களின் உதவித்தொகைக்குப் போட்டி நாடு தழுவியது. அத்துடன் குடியுரிமை நிபந்தனை இருக்கிறதா என்பதையும் விண்ணப்பிக்கும் முன் பார்த்துவிட வேண்டும்.

உண்மையான பயன் வேறொரு இடத்தில் இருக்கிறது. பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஈட்டா கப்பா நூ கிளை கீழ்வகுப்பு மாணவர்களுக்கு இலவசமாகப் பாடம் சொல்லித்தருகிறது, பழைய தேர்வுத் தாள்களைத் தொகுத்து வைத்திருக்கிறது. இத்தகைய கிளையில் சேர்ந்து வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒரு மின்சுற்றுப் பாடத்தையோ நிரலையோ பதினெட்டு வயது மாணவருக்கு விளக்கிச் சொல்பவருக்கு, பாடமும் உறைக்கிறது, ஆங்கிலமும் கூச்சமில்லாமல் வருகிறது, ஆலோசகர் பேராசிரியருக்கு முகமும் தெரிகிறது. அவர் எழுதும் பரிந்துரைக் கடிதத்தில், மதிப்பெண் பட்டியலில் இல்லாத செய்தி இருக்கும். எம்.எஸ். மாணவர்கள் பலர் தம் ஊர்க்காரர்களோடு மட்டுமே வீடெடுத்துத் தங்கி, சமைத்து, படித்து, இரண்டாண்டுகளை முடித்துவிடுகிறார்கள். அவர்களுக்கு இது பெரிய மாற்றமாக அமையும். கிளை ஆண்டுக்கு ஒருமுறை விழா நடத்திச் சான்றிதழ் கொடுப்பதோடு கலைந்துவிடும் என்றால், இந்தப் பயன் எதுவும் கிடையாது.

ஆறாம் படி: உங்கள் நிலைக்குப் பொருத்திப் பாருங்கள்

கணினி அறிவியலிலோ மின்பொறியியலிலோ எம்.எஸ். படிப்பவருக்கு ஃபை பீட்டா கப்பா பொருந்தாது. அது இளநிலைப் பட்டதாரிகளுக்கானது. ஈட்டா கப்பா நூ, அப்சிலான் பை எப்சிலான், டவ் பீட்டா பை ஆகியவற்றில் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கும் இடமுண்டு. இவற்றில் எந்தக் கிளை சுறுசுறுப்பாக இருக்கிறதோ அதில் ஒன்றில் மட்டும் சேர்வது போதுமானது. மூன்று நான்கு பெயர்களை அடுக்குவதால் ரெஸ்யூமே கனம் ஏறாது, மெலிந்துதான் தெரியும். எம்.பி.ஏ. மாணவர்களுக்கு பீட்டா காமா சிக்மா அழைத்தால் ஏற்கலாம், வணிகக் கல்வியின் தரத்தை மதிப்பிடும் ஏ.ஏ.சி.எஸ்.பி. என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற வணிகக் கல்லூரிகளில் மட்டுமே அதற்குக் கிளை உண்டு.

இளநிலைப் பட்டத்துக்கே அமெரிக்கா சென்றவர்களோ அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளோ ஃபை பீட்டா கப்பா அழைப்பைப் பெற்றால், தயங்காமல் சேரலாம் என்பேன். மருத்துவம் தனிக் கதை. ரெசிடென்சி எனப்படும் மேற்பயிற்சி இடங்களுக்கான விண்ணப்பத்தில் ஆல்ஃபா ஒமேகா ஆல்ஃபாவின் பெயருக்கு நெடுங்காலமாகவே எடை உண்டு. ஆயினும் அதன் தேர்வுமுறை சிறுபான்மை மாணவர்களுக்குப் பாதகமாக இருக்கிறது என்ற விமர்சனத்தால், நியூயார்க்கின் மவுன்ட் சினாய் மருத்துவக் கல்லூரி 2018-ல் மாணவர் தேர்வை நிறுத்தி வைத்தது. இந்தியாவில் எம்.பி.பி.எஸ். முடித்துச் செல்லும் மருத்துவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அவர்கள் படித்த கல்லூரிகளில் அதற்குக் கிளை இல்லை என்பது தேர்வுக் குழுவினருக்குத் தெரியும்.

ஊரிலுள்ள பெற்றோர் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முத்திரை பதித்த கடிதத்தைப் படம் பிடித்து அனுப்பினால், பல்கலைக்கழகத் தங்கப் பதக்கம் என்று எண்ணி அவர்கள் தெருவெல்லாம் சொல்லி முடித்திருப்பார்கள். அதன்பின் சேராமல் இருப்பது கடினம். முடிவெடுத்த பிறகு அனுப்புவது நல்லது.

ஏழாம் படி: சேர்வதும் மறுப்பதும்

சேரும் முன் கிளையின் தற்போதைய உறுப்பினர் ஒருவரிடம் நேரில் பேசுங்கள். கடந்த செமஸ்டரில் என்னென்ன நடந்தது, கூட்டத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள், பொறுப்புகள் எப்போது காலியாகும், ஆலோசகர் கூட்டங்களுக்கு வருவாரா என்று கேளுங்கள். பதில் சொல்பவர் யோசித்து யோசித்துச் சொன்னால், நீங்களும் யோசியுங்கள். சேர்ந்தபின் முதல் செமஸ்டரிலேயே சிறிய பொறுப்பு ஒன்றை எடுத்துக்கொண்டால்தான் மேலே சொன்ன பயன்கள் கைக்கு வரும்.

சேர விருப்பமில்லை என்றால், ஆலோசகர் பேராசிரியராக இருக்கும் கிளைக்கு நன்றி சொல்லி ஒரு வரி பதில் அனுப்பினால் போதும்; காரணம் சொல்லத் தேவையில்லை, உங்கள் பதிவேட்டில் எதுவும் ஏறாது. மொத்தமாக அனுப்பப்படும் அழைப்புகளுக்கு அந்தப் பதிலும் வேண்டியதில்லை.

ரெஸ்யூமேயில் எழுதும்போது ‘கல்வி’ என்ற பகுதியில், பட்டத்தின் கீழே ஒரே வரியாக, சங்கத்தின் பெயர், கிளை, சேர்ந்த ஆண்டு, அடைப்புக்குள் தேர்வு அளவு என்று எழுதுங்கள். ‘டவ் பீட்டா பை, பொறியியல் ஆனர் சொசைட்டி (வகுப்பின் முதல் ஐந்தில் ஒரு பங்கு)’ என்பது போன்ற வரி, பெயரை அறியாதவருக்கும் பொருள் தரும். கிளையில் பாடம் சொல்லித்தந்ததையும் நிகழ்ச்சி நடத்தியதையும் ‘அனுபவம்’ என்ற பகுதியில் தனியாக எழுதலாம். பெயர் தெரியாத அமைப்புக்கு ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள், கட்டணத்தைத் திரும்பப் பெறும் காலக்கெடு உள்ளதா என்று அதன் விதிகளில் பார்த்து எழுதிக் கேட்கலாம். கடன் அட்டையில் ஆண்டுதோறும் தானாகப் பிடிக்கும் சந்தா இருந்தால் அதை முதலில் நிறுத்திவிட்டு, அந்தப் பெயரை ரெஸ்யூமேயில் சேர்க்காமல் விட்டுவிடுங்கள்.